பழைய டிஸ்டார்ஷன் பெடலும் கையால் செய்த நகலும்: காசு எதற்குப் போகிறது?

பழைய கிட்டார் பெடல்களின் விலையை முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். காலால் மிதிப்பதற்கென்றே செய்த ஓர் உலோகப் பெட்டி. அதற்குள் சில டஜன் பாகங்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. அதற்குப் பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். அதே பெடலைப் பார்த்து இன்றைக்கு ஒரு சிறு பட்டறையில் கையால் செய்யும் நகலுக்கு இருநூறு, முந்நூறு டாலர், சில சமயம் அதற்கும் மேல். அதே சர்க்யூட்டை ஒரு பெரிய தொழிற்சாலை நூறு டாலருக்குள் கடையில் வைத்திருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். வேறு வேறு என்று சொன்னால் இன்னொரு கூட்டம் வரும்.

கிட்டார் கையில் எடுத்து ஓரிரு வருடம் ஆகி, முதல் பெடலை வாங்கி முடித்து, அடுத்தது எது என்று தேடத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்கத் தேவையில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்த நகலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது சில சர்க்யூட்டுகளில் நியாயம், பலவற்றில் தேவையில்லாத செலவு. எது எந்த வகை என்பதை, உள்ளே எந்தப் பாகம் ஒலியை உடைக்கிறது என்று பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒலி எப்படி உடைகிறது

தந்தியை மீட்டினால் பிக்கப்பிலிருந்து ஒரு சின்ன மின் அலை வருகிறது. பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதைப் பெருக்க வேண்டும். ஆனால் எந்தச் சர்க்யூட்டுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. 9 வோல்ட் பேட்டரியில் அப்படியே ஓடும் பெடலால் அந்த 9 வோல்ட்டைத் தாண்டி அலையை விரிக்க முடியாது. அதற்கு மேலும் பெருக்கச் சொன்னால் அலையின் மேல் முனையும் கீழ் முனையும் தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வேண்டுமென்றே இந்த வெட்டை உண்டாக்கும் கருவிதான் டிஸ்டார்ஷன் பெடல்.

கிட்டாரின் ஐந்தாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அலையின் இரு முனையும் ஒரே அளவில் வெட்டுப்பட்டால், மூன்று மடங்கான 330, ஐந்து மடங்கான 550 என்று ஒற்றைப்படை மடங்குகள் பலமாக வந்து சேரும். நம் காதுக்கு இதுதான் கரகரப்பாகக் கேட்கிறது. இரு முனையும் வெவ்வேறு அளவில் வெட்டுப்பட்டால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும், ஒலியின் குணம் மாறும். வெட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் முரட்டுத்தனம். மெல்ல வளைந்து தட்டையானால் மென்மை.

இன்னொரு விளைவும் உண்டு. சத்தமாக மீட்டினாலும் மெதுவாக மீட்டினாலும் உச்சி ஒரே இடத்தில் வெட்டுப்படுவதால், ஒலி தேய்வது நமக்குத் தெரிவதில்லை. ஒரு சுரம் நெடுநேரம் நின்று பாடுவது போலிருக்கும். ராக் கிட்டாரின் நீண்ட சோலோக்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

வெட்டு மிகக் கடுமையாக இருந்தால் ஃபஸ், மென்மையாக இருந்தால் ஓவர்டிரைவ், நடுவில் டிஸ்டார்ஷன். மூன்றுக்கும் இடையே கோடு போட்டுப் பிரிக்க முடியாது. கம்பெனிகளும் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கின்றன.

பழுதான ஒரு சேனல்

இந்த ஒலியைப் பெட்டியில் அடைத்த கதை அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் தொடங்குகிறது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடலுக்கு, கிராடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனல் பழுதாகி, அவர் வாசித்தது கிழிந்துபோன ஒலியாகப் பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு ஓடியது. அதே ஒலி வேண்டும் என்று மற்றவர்களும் கேட்டு வரத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற பொறியாளருடன் சேர்ந்து, அந்தப் பழுதைப் போலவே ஒலிக்கும் ஒரு சின்ன சர்க்யூட்டை உருவாக்கி கிப்சன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். 1962-இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அலையைப் பெருக்கும் சின்னப் பாகமான டிரான்சிஸ்டர் மூன்று, எல்லாம் ஜெர்மானியம், 1.5 வோல்ட் பேட்டரி இரண்டு.

முதல் சில ஆண்டுகள் அதை யாரும் சீண்டவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். அந்த இடத்தில் ஊதுகருவிகளை வைக்கத்தான் அவர் நினைத்திருந்தார், ஃபஸ் வெறும் ஒத்திகைக்கு. பாட்டு அப்படியே வெளியாகி உலகம் முழுக்க ஒலித்தது. கடைகளில் தூங்கிக்கொண்டிருந்த ஃபஸ்-டோன்கள் விற்றுத் தீர்ந்தன. அதே 1965-இல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் டோன் பெண்டர் என்ற பெடலைச் செய்தார். 1966-இல் ஆர்பிட்டர் நிறுவனத்தின் ஃபஸ் ஃபேஸ் வந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து வடிவமைத்த வட்டப் பெட்டி. இரண்டு திருகுகளும் பெயர்ப்பலகையும் சேர்ந்து ஒரு முகம் மாதிரி தெரியும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்ததால் அதற்கு அழியாப் புகழ்.

கவனிக்க: டோன் பெண்டரே மேஸ்ட்ரோவைப் பின்பற்றிப் பிறந்தது. அதாவது ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வது இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இன்றைக்கு நகல் என்று முகம் சுளிப்பவர்கள் கும்பிடும் அசல்களில் பல, அந்தக் காலத்து நகல்கள்.

பதினொரு பாகமும் ஒரு தலைவலியும்

ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்த்தால், ஸ்விட்ச்சையும் ஜாக்குகளையும் விட்டுவிட்டால், பதினொரு பாகம்தான் இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு வால்யூம் மாதிரியான திருகு. சோல்டரிங் பழகிய ஒரு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். அப்புறம் ஏன் இதைச் செய்து தர ஒருவருக்கு இவ்வளவு காசு?

காரணம் அந்த இரண்டு டிரான்சிஸ்டர்கள். 1960-களின் நடுப்பகுதியில் அவை ஜெர்மானியத்தால் ஆனவை. என்.கே.டி.275, ஏ.சி.128 போன்ற எண்கள் கொண்டவை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்தவை கூட ஒன்றுபோல் பெருக்காது. ஒன்று 60 மடங்கு பெருக்கும், பக்கத்தில் இருப்பது 150 மடங்கு பெருக்கும், இரண்டிலும் ஒரே எண்தான் அச்சடித்திருக்கும். இரண்டாவது, அது கசியும். அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

ஃபஸ் ஃபேஸ் நன்றாக ஒலிக்க, முதல் டிரான்சிஸ்டர் சுமார் 70 முதல் 80 மடங்கும், இரண்டாவது சுமார் 110 முதல் 130 மடங்கும் பெருக்குவது நல்லது என்பது செய்பவர்கள் மத்தியில் பரவலாக நிற்கும் கணக்கு. கசிவும் குறைவாக இருக்க வேண்டும். 1960-களில் யாரும் இதையெல்லாம் அளந்து போட்டுக்கொண்டிருக்கவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்துச் சொருகினார்கள். அதனால் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஃபஸ் ஃபேஸில் ஒன்று தேன் மாதிரி பாடும், இன்னொன்று மூச்சுத் திணறும். 'பழைய ஃபஸ் ஃபேஸ் என்றாலே தனி ஒலி' என்று சொல்பவர்கள், நல்லதாக அமைந்த சிலவற்றைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். மோசமானவை எப்போதோ அலமாரிக்குப் போய்விட்டன.

இங்கேதான் சிறு பட்டறைக்காரர் வருகிறார். பழைய கிடங்குகளில் மிஞ்சிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை மொத்தமாக வாங்கி, சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சோதித்து, பெருக்கத்தையும் கசிவையும் எழுதி வைத்து, ஜோடி சேர்க்கிறார். பொருந்தாதது ஒதுக்கப்படும். பிறகு இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் சுமார் 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் பாதி, வரும்படி ஒரு ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பொருத்துகிறார். இப்படிச் சரிசெய்து வைக்கும் நிலைக்குப் பயாஸ் என்று பெயர். கடைசியில் கிட்டாரைச் சொருகிக் காதால் கேட்டு முடிவு செய்கிறார். நீங்கள் கொடுக்கும் இருநூறு டாலரில் பாகங்களின் விலை சொற்பம். மீதி, ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களுக்கும் அந்த மனிதரின் நேரத்துக்கும் போகிறது.

இந்தச் செலவை நான் நியாயம் என்கிறேன். இதை மலிவாகச் செய்யும் வழி இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அனலாக் மேன் பட்டறை செய்யும் சன் ஃபேஸ் என்ற ஃபஸ் ஃபேஸ் நகலில், எந்த டிரான்சிஸ்டர் வேண்டும் என்று வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். பயாஸை வெளியிலிருந்தே மாற்றிக்கொள்ள ஒரு திருகும் வைத்துத் தருவார்கள். 1966-இல் செய்த எந்த அசலிலும் இது கிடையாது. ஆக, நல்ல ஃபஸ் நகல் பல நேரங்களில் சராசரி அசலை விட நன்றாக இருக்கும். ஒலியை மட்டும் வைத்துச் சொல்கிறேன். சேகரிப்பவரின் கணக்கு வேறு.

அந்தத் திருகுக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. ஜெர்மானியத்தின் கசிவு, வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். லண்டனின் 18 டிகிரி அறைக்காகச் சரிசெய்த பெடலை மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத மேடையில் வைத்தால், பயாஸ் நகர்ந்து ஒலி கரகரவென்று அறுபடத் தொடங்கும். மேடையில் அதிகம் வாசிப்பவர்கள் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸையும் யோசிக்கலாம். 1960-களின் முடிவில் அசல் கம்பெனியே பி.சி.108 போன்ற சிலிக்கானுக்கு மாறிவிட்டது. ஒலி கொஞ்சம் கூர்மை, ஆனால் வெயிலுக்கு அசராது.

சிப் வந்த பிறகு

1970-களின் கடைசியில் நிலைமை மாறியது. பெருக்கும் வேலையை ஐ.சி. எனப்படும் சிப் எடுத்துக்கொண்டது. வெட்டும் வேலை டயோடுகளுக்குப் போனது. சிப்பும் சிலிக்கான் டயோடும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும் பொருட்கள். பொறுக்கி எடுக்க வேண்டிய அவசியம் பெருமளவு போய்விட்டது.

ஐபனெஸ் பெயரில் 1979 வாக்கில் வந்த டியூப் ஸ்கிரீமர் டி.எஸ்.808 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானில் மாக்ஸன் செய்தது, வடிவமைத்தவர் சுசுமு தமுரா. சுமார் 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு அலைவரிசையைத் தூக்கி, அடிப்பகுதியைக் குறைப்பதால், ஒரு பேண்டின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் தனியாகக் கேட்கும். 1980-களில் வந்த டி.எஸ்.9-இல் முதன்மையாக மாறியது வெளியேறும் இடத்தில் இருந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான். 808-இல் 100 ஓம், 10 கிலோ ஓம். 9-இல் 470 ஓம், 100 கிலோ ஓம். இந்த இரண்டையும் மாற்றி, ஜே.ஆர்.சி.4558 என்ற சிப்பைப் போட்டுத் தருவதே ஒரு தொழிலாக வளர்ந்தது. அந்தச் சிப் இன்றைக்கும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. 2004 முதல் ஐபனெஸே 808-ஐ மறுபடி விற்கிறது. அப்படியிருக்க, ஒரு டியூப் ஸ்கிரீமர் நகலுக்கு நானூறு டாலர் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார்? பெட்டியின் அழகுக்கு, பட்டறையின் பெயருக்கு, சில சமயம் கூடுதலாக வைத்த ஒரு ஸ்விட்ச்சுக்கு. கொடுக்கட்டும், தப்பில்லை. ஒலிக்குத்தான் அந்தக் காசு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் 1978-இல் பிறந்த புரோகோ ராட் பெடலின் கதையும் இதே ரகம். அதில் இருந்த எல்.எம்.308 சிப் மந்தமானது, மைக்ரோ நொடிக்கு 0.3 வோல்ட் அளவில்தான் ஏறி இறங்கும். வேகமாக மாறும் மேல் ஸ்தாயி அலைகளை அதனால் முழுதாகப் பின்தொடர முடியாது. அந்த இயலாமைதான் ராட்டின் தடித்த ஒலியில் ஒரு பங்கு. அந்தச் சிப் உற்பத்தி நின்றதும் ஓ.பி.07 என்ற வேறொன்றைப் போட்டார்கள். உடனே 308 இருக்கும் பழைய ராட்டுக்கும், 308 போட்ட நகலுக்கும் விலை ஏறியது. இதில் வேடிக்கை, ஓ.பி.07-இன் வேகமும் அதே 0.3 வோல்ட்தான். வித்தியாசமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு வாசிக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள் என்றே நினைக்கிறேன்.

பிக் மஃப், ஃபஸ் ஃபேஸுக்கும் சிப் பெடல்களுக்கும் நடுவில் நிற்கிறது. நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1969 வாக்கில் இதைச் செய்யத் தொடங்கியது. சிலிக்கான் டிரான்சிஸ்டர், சிலிக்கான் டயோடு. பல ஆண்டுகளில் பாகங்களின் மதிப்பை அவ்வப்போது மாற்றியதால் டிரையாங்கிள், ராம்ஸ் ஹெட், கிரீன் ரஷ்யன் என்று பல வகைகள் கிளைத்தன. இவற்றை நகல் செய்து சிறு பட்டறைகள் வாழ்ந்தன. 2017 முதல் அசல் கம்பெனியே அந்த வகைகளைச் சின்னப் பெட்டிகளில், நூறு டாலரை ஒட்டிய விலையில் வரிசையாக விடத் தொடங்கியது. பட்டறைக்காரர்களுக்கு அது கஷ்டகாலம்தான்.

கிளான் எனும் குதிரை

விலை எப்படிப் பிறக்கிறது என்று புரிய ஒரே ஒரு பெடலைப் படித்தால் போதும் என்றால், நான் கிளான் சென்டாரைத்தான் காட்டுவேன். பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த பில் ஃபினெகன், 1994 கடைசியிலிருந்து 2009 வாக்கு வரை ஏறக்குறைய 8,000 பெடல்களைச் செய்து விற்றார். பெரும்பாலும் தனி ஆள். பொன்னிறப் பெட்டி, வெள்ளிப் பெட்டி, சிலவற்றின் மேல் வாள் ஏந்திய குதிரை மனிதன் படம். கடைசிக் காலத்தில் புதிதாக 329 டாலருக்கு விற்றார். அவர் நிறுத்தியதும் விலை ஏறத் தொடங்கியது. இன்றைக்குப் பழைய சென்டார் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது.

உள்ளே என்ன மாயம்? சுத்தமான ஒலியையும் உடைந்த ஒலியையும் கலக்கும் ஒரு திருகு. கெயினைக் கூட்டக் கூட்ட, உடைந்த பங்கு ஏறி சுத்தமான பங்கு குறையும். சர்க்யூட்டின் ஒரு பகுதி 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்வதால் அலைக்கு நிறைய இடம் கிடைக்கும். வெட்டுவதற்கு இரண்டு ஜெர்மானியம் டயோடு. அலை உள்ளே நுழையும் இடத்தில் நல்ல பஃபர், அதாவது அலை வலுவிழக்காமல் பார்த்துக்கொள்ளும் பகுதி. புத்திசாலித்தனமான வடிவமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் வடிவமைப்பு காகிதத்தில் வரையக்கூடியது. அதை மறைக்க ஃபினெகன் போர்டின் மேல் கெட்டியான பசையை ஊற்றி மூடினார். ஆர்வலர்கள் அதைச் சுரண்டி எடுத்து, பாகம் பாகமாகப் படித்து, வரைபடத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நகல்கள் மழைக்காளான். 2013-இல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் சோல் ஃபுட் நூறு டாலருக்கும் குறைவாக வந்தது. ஆர்ச்சர், டம்னஸ் என்று வரிசை நீண்டது. மலேசியாவின் செரியாடோன் பட்டறை, பெட்டியின் அளவு வரை பொருந்தும் சென்டுரா என்ற நகலைச் செய்கிறது.

டயோடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குறிப்பிட்ட அந்தப் பழைய ஜெர்மானியம் டயோடு இல்லாமல் கிளான் ஒலி வராது என்று ஒரு பேச்சு உண்டு. ஃபினெகனும் தன் கையிருப்பு டயோடுகளைப் பெருமையாகவே சொல்வார். ஆனால் கிளானை வாங்குபவர்களில் பலர் கெயினைக் கிட்டத்தட்ட அணைத்து வைத்து, ஆம்ப்பைத் தள்ளுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நிலையில் டயோடு வேலை செய்வது மிகக் குறைவு. ஒலியில் பெரிதாகக் கலக்காத ஒரு பாகத்துக்காகச் சண்டை போடுகிறோம்.

இன்னும் முக்கியமான சாட்சி ஃபினெகனே. 2012-இல் அவர் கே.டி.ஆர். என்ற புதிய பெடலை விட்டார். கையால் சோல்டர் செய்வதை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் குட்டிப் பாகங்களுக்கு மாறினார். ஒலி அதேதான் என்று அவரே சொன்னார். அந்தப் பெடலின் மேலேயே, இவ்வளவு பேரை எரிச்சலூட்டும் இந்த அபத்தமான பரபரப்பு தன்னால் உண்டானதல்ல என்ற பொருளில் ஒரு வரியும் அச்சடித்தார். கையால் செய்தால்தான் ஒலி வரும் என்று வாதிடுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் பழைய சென்டாரின் விலை பொய்யா? இல்லை. எண்ணிக்கை 8,000-க்கு மேல் கூடாது, கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பழைய நாணயத்துக்கும் தபால்தலைக்கும் என்ன விதியோ அதே விதி. அது ஒலிக்கான விலை இல்லை, அவ்வளவுதான்.

நகல் செய்வது குற்றமா

சர்க்யூட் என்பது ஒரு வேலையைச் செய்யும் பொருள், அதன் இயக்கத்தைப் பதிப்புரிமை காப்பதில்லை. பேடன்ட் எடுத்திருந்தால் காப்பு உண்டு, அதுவும் சுமார் இருபது ஆண்டில் முடிந்துவிடும். பெடல் சர்க்யூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேடன்டே கிடையாது. காப்பு இருப்பது பெயருக்கும் தோற்றத்துக்கும். 2024-இல் பெரிங்கர் நிறுவனம் சென்டார் என்ற பெயரிலேயே, ஏறக்குறைய அதே தோற்றத்தில் ஒரு மலிவுப் பெடலை விட்டது. ஃபினெகன் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு, சர்க்யூட்டைப் பற்றியது அல்ல, பெயரையும் தோற்றத்தையும் பற்றியது. பிறகு அந்தப் பெடல் சென்டாரா என்று பெயர் மாறியது. நகல் பெடல்களின் பெயரெல்லாம் அசலைச் சுற்றி வளைத்துக் குறிப்பது இதனால்தான்.

அசலுக்கும் நகலுக்கும் இடையிலான சுவர் சில இடங்களில் கரைந்தும் போயிருக்கிறது. இங்கிலாந்தின் டி.ஏ.எம். பட்டறை பழைய டோன் பெண்டர்களை அச்சு அசலாகச் செய்து பெயர் வாங்கியது. பிறகு டோன் பெண்டரின் அசல் பெயருக்கு உரிய சோலா சவுண்டே, தன் பெயரில் டோன் பெண்டர் செய்து தரும் வேலையை அந்தப் பட்டறையிடம் ஒப்படைத்தது. அது அசலா, நகலா? எனக்குப் பதில் தெரியாது, கவலையும் இல்லை.

விற்கும்போது என்ன கிடைக்கும்

புதிதாக வாங்குபவர்கள் அடிக்கடி கேட்பது, "இது முதலீடா?" என்பது. பெரும்பாலும் இல்லை. சாதாரண நகலை வாங்கிய அன்றே விலை கொஞ்சம் இறங்கிவிடும். விதிவிலக்கு, செய்யும் அளவை விடக் கேட்கும் அளவு மிகுந்த பெடல்கள். அனலாக் மேனின் கிங் ஆஃப் டோன் அப்படிப்பட்டது. 1991-இல் மார்ஷல் விட்ட புளூஸ்பிரேக்கர் பெடலின் சர்க்யூட்டிலிருந்து வளர்த்தெடுத்தது. புதிதாக வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டுச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால் பழையதாகக் கைமாறுவது புதியதன் விலையைத் தாண்டிப் போகிறது. கூடுதல் காசு, வரிசையைத் தாண்டிக் குதிப்பதற்கான கட்டணம். 2022-இல் எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் அனலாக் மேனுடன் சேர்ந்து டியூக் ஆஃப் டோன் என்ற தொழிற்சாலைப் பெடலை விட்டது. 2023-இல் மார்ஷலே புளூஸ்பிரேக்கரை மறுபடி செய்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இவை போதும்.

அசல் கம்பெனி திரும்ப வருவது நகலின் மறுவிற்பனையை அடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. 1983-இல் பாஸ் நிறுவனம் விட்ட எச்.எம்.-2, ஸ்டாக்ஹோமின் டெத் மெட்டல் பேண்டுகள் நான்கு திருகையும் முழுக்கத் திருப்பி வைத்து வாசித்ததால் புகழ் பெற்றது. 1991-இல் உற்பத்தி நின்றது. அடுத்த முப்பது ஆண்டு அந்த இடத்தை நகல்கள் நிரப்பின. 2021-இல் பாஸே மேம்படுத்திய எச்.எம்.-2டபிள்யூ-வை விட்டது. அசல் பெயரோடு கடையில் கிடைக்கும்போது, அதே விலையில் நகலை ஏன் வாங்க வேண்டும்?

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. ஜெர்மானியம் பெடல் என்றால், டிரான்சிஸ்டரின் பெருக்கத்தையும் கசிவையும் அளந்தீர்களா, எவ்வளவு என்று கேளுங்கள். உண்மையில் பொறுக்கிப் போட்டவர் எண்ணைச் சொல்வார். எண் சொல்லாமல் 'அரிய பழைய ஸ்டாக்' என்று மட்டும் சொன்னால் சந்தேகப்படுங்கள். பழைய எண்களை மேலே அச்சடித்த போலி டிரான்சிஸ்டர்கள் சந்தையில் உண்டு. சிப் பெடல் என்றால் சிப்பின் எண்ணை விட, ஸ்விட்ச்சும் ஜாக்கும் எவ்வளவு உறுதி, ரிப்பேருக்கு யார் பொறுப்பு என்பதுதான் முக்கியம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் செலவும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். திருப்பி அனுப்புவது பல சமயம் நடக்காத காரியம்.

ஃபஸ் ஃபேஸ் வகையை வாங்கினால் கிட்டாரிலிருந்து நேராக அதற்குள் போக வேண்டும். நடுவில் பஃபர் உள்ள பெடல் எதையாவது வைத்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்கும் அதன் சிறப்பு போய்விடும், பலருக்கு ஏமாற்றம் இங்கேதான். இன்னொன்று, பி.என்.பி. என்ற வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டவை பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட் முறையில், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை கிரவுண்டோடு சேர்ந்தபடி, இருக்கும். மற்ற பெடல்களுக்குக் கிளை பிரித்துக் கொடுக்கும் அதே அடாப்டரில் இதையும் சொருகினால் ஷார்ட் ஆகும். இதற்கு மட்டும் தனி 9 வோல்ட் பேட்டரி போடுங்கள், அல்லது தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளையில் இணையுங்கள். இந்த சர்க்யூட் இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு என்பதால், வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளைப் பிடுங்கி வைத்தால் ஒரு பேட்டரி பல மாதம் வரும்.